செக்ரோலும் கொழுந்துக் கணக்கும்: வெளி இணைப்பால் இரு பட்டியல்களைச் சேர்த்தல்

தேயிலைத் தோட்ட ஆபிசில் ஒரே தொழிலாளியின் பெயர் பல பட்டியல்களில் இருக்கும். காலைப் பெரட்டில் பேர் போடும், அதாவது அன்றைய வேலை நாளைப் பதியும், செக்ரோல் ஒன்று. கொழுந்து மடுவத்தில் தராசருகே பதியப்படும் நிறுவைக் கணக்கு இன்னொன்று. மாதமுடிவில் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும் பட்டியல் வேறொன்று. இப்படிப்பட்ட இரண்டு பட்டியல்களை எடுத்து, ஒரே ஆளுக்குரிய வரிகளை ஒன்றாக்குவதே இணைப்பு. நிரல் எழுதுவோர் இதை ஜாய்ன் என்பார்கள். இரண்டு பட்டியலிலும் இருப்பவரை மட்டும் தருவது உள் இணைப்பு. ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாதவரையும் விடாமல் கொண்டுவருவது வெளி இணைப்பு, அதாவது அவுட்டர் ஜாய்ன்.

சம்பளக் கணக்கில் இந்த வேறுபாடு பெரியது. உள் இணைப்பு பொருந்தாத வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. விடுபட்டவருக்கு அது சம்பள நாளன்றுதான் தெரியவரும்.

நான்கு தொழிலாளர்களை வைத்துப் பார்க்கலாம். ஒரு நாளின் செக்ரோலில் 101, 102, 103 ஆகிய எண்களுக்குப் பேர் விழுந்திருக்கிறது. அதே நாளின் கொழுந்துக் கணக்கில் 102, 103, 104 ஆகிய எண்கள் உள்ளன.

செக்ரோல்
101 – 1 பேர்
102 – 1 பேர்
103 – 1 பேர்

கொழுந்து
102 – 18 கிலோ
103 – 21 கிலோ
104 – 16 கிலோ

உள் இணைப்பு இரண்டு வரிகளைத் தரும்: 102, 103. செக்ரோலை இடப்பக்கம் வைத்து இடது வெளி இணைப்புச் செய்தால் 101, 102, 103 மூன்றும் வரும். 101க்கு எதிரே கிலோ காலியாக இருக்கும். வலது வெளி இணைப்பில் 102, 103, 104 வரும். 104க்கு எதிரே பேர் காலியாக இருக்கும். முழு வெளி இணைப்பில் நான்கு பேரும் வருவார்கள்.

காலியாக வரும் இந்த இரண்டு வரிகளும் ஒரே வகையானவை அல்ல. 101 அன்று கவ்வாத்துக்கோ கான் வெட்டவோ போயிருக்கலாம். பேர் உண்டு, கொழுந்து இல்லை, கணக்கில் பிழையும் இல்லை. 104இன் கதை வேறு. கொழுந்து நிறுக்கப்பட்டிருக்கிறது, ஆனால் பேர் விழவில்லை. அவர் கைக்காசுக்கு, அதாவது பேர் இல்லாமல் கிலோவுக்கு மட்டும் காசு வாங்கி, பறித்திருக்கலாம். கணக்கப்பிள்ளை பேர் போட மறந்திருக்கலாம். மடுவத்தில் எண்ணைத் தவறாக எழுதியிருக்கலாம். எது நடந்தது என்று நிரலால் சொல்ல முடியாது. விசாரிக்க வேண்டிய வரி இது என்று எடுத்துக்காட்ட மட்டுமே முடியும். அதற்கே முழு வெளி இணைப்பு தேவைப்படுகிறது.

எஸ்கியூஎல் மொழியில் இடது இணைப்பு இப்படி அமையும். கணினியில் கட்டளைச் சொற்கள் ஆங்கில எழுத்தில் தட்டப்படும். இங்கே ஒலிப்பில் தரப்பட்டுள்ளன.

செலக்ட் செ.எண், செ.பேர், கொ.கிலோ
ஃப்ரம் செக்ரோல் செ
லெஃப்ட் ஜாய்ன் கொழுந்து கொ
ஆன் செ.எண் = கொ.எண்

லெஃப்ட் என்பதை ஃபுல் என்று மாற்றினால் அது முழு வெளி இணைப்பு. அப்போது முதல் வரியையும் மாற்ற வேண்டும். 104க்கு செக்ரோலில் எண்ணே இல்லை என்பதால் செ.எண் காலியாக வரும். யாருடைய 16 கிலோ என்று தெரியாத ஒரு வரிதான் மிஞ்சும். கோஅலெஸ் என்ற செயற்கூறு முதலில் கிடைக்கும் காலியற்ற மதிப்பை எடுத்துத் தரும். எனவே கோஅலெஸ்(செ.எண், கொ.எண்) என்று எழுதுவதே முறை.

காலியும் சுழியமும்

பொருந்தாத இடத்தில் தரவுத்தளம் வைக்கும் மதிப்பு நல் எனப்படும். "இங்கே தகவல் இல்லை" என்பதே அதன் பொருள். அது சுழியம் அன்று. 101க்கு கிலோ நல் என்றால் மடுவத்தில் அவருக்குப் பதிவே இல்லை. கிலோ 0 என்றால் அவர் வந்திருக்கிறார், ஆனால் எடை எதுவும் கணக்கில் சேரவில்லை. இரண்டாவது செய்தி தொழிற்சங்கத் தலைவர் வந்து கேள்வி கேட்கக்கூடிய செய்தி.

சராசரி எடுக்கும்போது இந்த வேறுபாடு எண்ணாகவே தெரியும். இடது இணைப்பின் மூன்று வரிகளில் 18, 21, நல் உள்ளன. சராசரி காணும் செயற்கூறு நல்லைத் தொடாது. 39ஐ இரண்டால் வகுத்து 19.5 என்று தரும். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று எல்லாக் காலியிடங்களையும் முன்கூட்டியே சுழியமாக்கிவிட்டால் சராசரி 13 ஆகிவிடும். கவ்வாத்துக்குப் போன ஒருவரால் கொழுந்து பறித்தவர்கள் கெட்டிக்காரத்தனம் குறைந்தவர்களாகக் காட்டப்படுவார்கள். ஆகவே சுழியமாக்கும் வேலையை அச்சிடும் கட்டத்துக்கு ஒத்திவைப்பது நல்லது.

கூட்டலில் இதற்கு எதிரான ஆபத்து இருக்கிறது. நல்லோடு எதைக் கூட்டினாலும் விடை நல். நாட்சம்பளத்தையும் மேலதிகக் கிலோவுக்கான காசையும் ஒரே வரியில் கூட்டும்போது, மேலதிகக் கிலோ நல்லாக இருந்தால் முழுச் சம்பளமும் நல்லாகிவிடும். இந்த இடத்தில் மட்டும் கோஅலெஸ்(மேலதிகக்காசு, 0) என்று எழுதியே ஆகவேண்டும்.

இணைக்கும் முன் நிறுவையைக் கூட்டுதல்

தோட்டங்களில் கொழுந்து ஒரு நாளில் ஒரே தடவை நிறுக்கப்படுவதில்லை. காலை, பகல், மாலை என்று மூன்று நிறுவை இருக்கும் தோட்டத்தில் 103 என்ற எண்ணுக்கு 7, 8, 6 என மூன்று வரிகள் கொழுந்துக் கணக்கில் இருக்கும். செக்ரோலிலோ அவருக்கு ஒரே வரி. இரண்டையும் அப்படியே இணைத்தால் செக்ரோலின் அந்த ஒரு வரி மூன்று முறை வரும். ஒவ்வொன்றிலும் "1 பேர்" என்று இருக்கும். பேரைக் கூட்டினால் 3. நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்றால் ஒரே நாளுக்கு 4,050 ரூபாய்.

இது வெளி இணைப்பில் மட்டும் வரும் குறை அல்ல. ஆனாலும் வெளி இணைப்பைப் பயன்படுத்துவோர் வரிகள் கூடுவதை எதிர்பார்த்தே இருப்பதால், கூடியவை எந்த வகை வரிகள் என்று பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். தீர்வு எளியது: இணைக்கும் முன்பே நிறுவைகளை ஆள்வாரியாக, நாள்வாரியாகக் கூட்டி ஒரு வரியாக்கிவிட வேண்டும். குரூப் பை கட்டளை அதைச் செய்யும். ஓர் ஆளுக்கு ஒரு நாளில் ஒரு பக்கம் ஒரு வரி, மறுபக்கம் அதிகபட்சம் ஒரு வரி என்ற நிலைக்குக் கொண்டுவந்த பிறகே ஜாய்ன் எழுத வேண்டும்.

எதை வைத்துப் பொருத்துவது

மேலே உள்ள எடுத்துக்காட்டில் எண் ஒன்றே போதுமானதாக இருந்தது. மெய்யான தோட்டத்தில் அது போதாது. மேற்பிரிவிலும் கீழ்ப்பிரிவிலும் 103 இருக்கலாம். பிரிவு (டிவிசன்), செக்ரோல் எண், நாள் மூன்றும் சேர்ந்ததே சாவி. ஆன் பகுதியில் மூன்றையும் எழுத வேண்டும். டிவிசனை விட்டால் ஒரு டிவிசனின் கொழுந்து மற்ற டிவிசனில் உள்ளவர் பெயரில் ஏறிவிடும்.

பெயரைச் சாவியாக வைப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை. ஒரே பெண்ணின் பெயர் செக்ரோலில் லெட்சுமி, பிறப்புச் சான்றிதழில் இலட்சுமி, வங்கிப் புத்தகத்தில் லட்சுமி என்று இருப்பது இலங்கையின் மலையகத்தில் அன்றாடம் காண்பது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்படும்போது இன்னும் மாறும். தகப்பன் பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் இருக்காது. அதோடு, ஒரே டிவிசனில் ஒரே பெயரில் நான்கைந்து பேர் இருப்பதும் வழக்கம்.

சேமலாப நிதிப் பட்டியலோடு ஒப்பிடும்போது தேசிய அடையாள அட்டை எண்ணே கைகொடுக்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய அட்டை எண் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது; 2016 முதல் வழங்கப்படும் எண் 12 இலக்கம் கொண்டது. ஒரே ஆள் ஒரு பட்டியலில் பழைய எண்ணோடும் மற்றதில் புதிய எண்ணோடும் இருந்தால், முழு வெளி இணைப்பு அவரை இரண்டு ஆட்களாக, இரண்டு பக்கமும் பாதி காலியாகக் காட்டும்.

பழையதைப் புதியதாக்க முடியும். பழைய எண்ணின் முதல் 2 இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த 3 இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பிறகு 3 இலக்க வரிசை எண், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம், அதன்பின் எழுத்து. ஆண்டுக்கு முன் 19ஐச் சேர்த்து, நாளுக்கும் வரிசை எண்ணுக்கும் இடையில் ஒரு 0 வைத்து, கடைசி எழுத்தை நீக்கினால் 12 இலக்கம் கிடைக்கும். இணைக்கும் முன் இரண்டு பட்டியலிலும் எல்லா எண்களையும் இந்த வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், நாளுக்கான 3 இலக்கம் 500க்கு மேல் இருப்பதைப் பிழை என்று எண்ணித் திருத்திவிடாமல் இருப்பதும் முக்கியம்.

எண்ணைச் சுற்றியுள்ள வெற்றிடங்களையும் நீக்க வேண்டும். 0042 என்று எழுத்தாகச் சேமித்த செக்ரோல் எண்ணும் 42 என்று எண்ணாகச் சேமித்ததும் பொருந்தாமல் போகலாம். எக்செல் கோப்பிலிருந்து வரும் பட்டியல்களில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

சாவியே இல்லாத ஆட்களும் இருக்கிறார்கள். பிறப்புப் பதிவு இல்லாததால் அடையாள அட்டை எடுக்காதவர்களின் இடம் நல்லாக இருக்கும். எஸ்கியூஎல்லில் நல்லும் நல்லும் சமமல்ல; எனவே அவர்கள் எவரோடும் பொருந்தமாட்டார்கள், முழு இணைப்பில் பொருந்தாத வரிகளாகவே வருவார்கள். பைத்தானின் பாண்டாஸ் நூலகம் வேறுவிதமாக நடக்கும். அதன் மெர்ஜ் கட்டளை காலிச் சாவிகளை ஒன்றோடொன்று பொருத்திவிடும். இடப்பக்கம் அட்டையில்லாதவர் 5 பேர், வலப்பக்கம் 4 பேர் என்றால் 20 பொய் வரிகள் உருவாகும். அவர்களை முன்பே தனியாகப் பிரித்து, டிவிசனும் செக்ரோல் எண்ணும் கொண்டு கையால் பொருத்துவதே சரி.

நிபந்தனை எழுதும் இடம்

வெளி இணைப்பைச் சரியாக எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே அதை உள் இணைப்பாக்கிவிடுவது அனுபவசாலிகளும் விடும் தவறு. செக்ரோலில் உள்ள எல்லோரையும் காட்டி, மாலை நிறுவையை மட்டும் எதிரே போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இணைப்பின் விளைவை வடிகட்டும் வேர் பகுதியில் கொ.நிறுவை = 'மாலை' என்று எழுதினால், கொழுந்தில்லாத 101 காணாமற்போவார். காரணம், அவருக்கு கொ.நிறுவை நல், நல் மாலைக்குச் சமமா என்ற கேள்விக்கு ஆம் என்ற விடை வராது, ஆகவே வரி வடிகட்டப்படும். அதே நிபந்தனையை ஆன் பகுதியில் சேர்த்தால் அவர் நிற்பார். வலப்பக்கப் பட்டியலைப் பற்றிய நிபந்தனை ஆன் பகுதியிலும், இடப்பக்கப் பட்டியலைக் குறைக்கும் நிபந்தனை வேர் பகுதியிலும் இருக்க வேண்டும்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அது மிகவும் பயனுள்ளது. இடது இணைப்புச் செய்து, வேர் பகுதியில் வலப்பக்கச் சாவி நல்லாக உள்ள வரிகளை மட்டும் கேட்டால், இடப்பக்கம் இருந்து வலப்பக்கம் இல்லாதவர்களின் பட்டியல் கிடைக்கும். செக்ரோலில் பேர் விழுந்தும் சேமலாப நிதிப் பட்டியலில் ஏறாதவர்களை இப்படித்தான் தேட வேண்டும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின் கீழ் தொழிலாளியின் பங்கு குறைந்தது 8 வீதம், முதலாளியின் பங்கு குறைந்தது 12 வீதம். 1,350 ரூபாய் வீதம் 20 பேர் விழுந்த மாதத்தில் சம்பளம் 27,000 ரூபாய். நிதிக்குப் போகவேண்டியது 2,160உம் 3,240உம் சேர்ந்து 5,400 ரூபாய். அந்த மாதம் ஒருவருடைய வரி விடுபட்டால், சம்பளத்தில் கழிக்கப்பட்ட 2,160 ரூபாயும் சேர்ந்தே கணக்கில் ஏறாது. ஓய்வு பெறும் வயதில் அதைத் தேடி அலையும் நிலை வரக்கூடாதென்றால், இந்தத் தேடலை மாதந்தோறும் பணம் அனுப்பும் முன்பே ஓட்டவேண்டும்.

இரண்டிலும் இல்லாதவர்கள்

முழு வெளி இணைப்புக்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டு பட்டியல்களில் ஏதாவது ஒன்றிலாவது இருப்பவரையே அது காட்டும். இரண்டிலும் இல்லாதவர் அதற்குத் தெரியமாட்டார். 105 என்ற தொழிலாளி அன்று வேலைக்கு வரவில்லை என்றால் செக்ரோலில் பேரும் இல்லை, மடுவத்தில் கொழுந்தும் இல்லை. ஒரு மாதம் முழுவதும் ஒருவர் இப்படி இருந்தால், பிரசவ விடுமுறையிலோ நீண்ட நோயிலோ இருக்கும் அவரை இணைப்பின் விளைவு முற்றாக மறைத்துவிடும்.

இதன் கனத்தை மலையகம் பட்டியல்களின் வழியாகவே அனுபவித்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு. 1974இல் அந்த எச்சத்தை இரு நாடுகளும் 75,000 வீதம் பகிர்ந்துகொண்டன. நடைமுறையில் ஆட்கள் இரண்டு விண்ணப்பப் பட்டியல்களுக்குள் வந்தார்கள். ஒன்று இந்தியப் பிரஜாவுரிமைக்கு, மற்றது இலங்கைப் பிரஜாவுரிமைக்கு. இரண்டுக்கும் விண்ணப்பிக்காதவர் இரண்டு பட்டியல்களை எப்படிச் சேர்த்தாலும் வரமாட்டார்.

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் கேள்வியைத் திருப்பிப் போட்டது. இலங்கையில் வாழும் இந்திய வம்சாவளி நாடற்றவர்களில் இந்தியப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்காதவர்கள் எல்லோருக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை என்றது. இணைப்பு மொழியில் சொன்னால், இரண்டு விண்ணப்பப் பட்டியல்களை ஒப்பிடுவதை விட்டு, நாட்டில் இருக்கும் மக்களை இடப்பக்கம் வைத்து, இந்திய விண்ணப்பங்களை வலப்பக்கம் வைத்து, வலப்பக்கம் நல்லாக வரும் எல்லோரையும் எடுத்தது. எதிலும் பெயரில்லாதவரும் அதற்குள் வந்தார். அப்போதும் ஒரு வகையினர் வெளியே நின்றார்கள்: இந்தியாவுக்கு விண்ணப்பித்து, கடவுச்சீட்டும் பெற்று, 1984இல் தலைமன்னார் – இராமேஸ்வரம் கப்பல் நின்ற பிறகு போகாமல் இங்கேயே தங்கியவர்கள். அவர்களுக்கும் வழி 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில்தான் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர்கள், அவர்களுடைய வழித்தோன்றல்கள் என்று அச்சட்டம் வசிப்பையே அடிப்படையாக்கியது.

தோட்டக் கணக்கிலும் அதே முறைதான். தோட்டத்தில் பதிவுள்ள எல்லாத் தொழிலாளர்களையும் கொண்ட பெயர்ப் பதிவேடு ஒன்று இடப்பக்கம் நிற்க வேண்டும். அதோடு செக்ரோலை ஓர் இடது இணைப்பாலும், கொழுந்தை இன்னோர் இடது இணைப்பாலும், சேமலாப நிதிப் பட்டியலை மூன்றாவதாலும் சேர்க்க வேண்டும். இப்படிச் செய்தால் 105 எல்லா இடமும் காலியாக இருந்தாலும் தன் வரியில் நிற்பார். பதிவேட்டில் இல்லாமல் செக்ரோலில் மட்டும் இருப்பவர்களை முழு இணைப்பால் ஒருமுறை தேடிப் பதிவேட்டில் ஏற்றிவிட்டே இதைத் தொடங்க வேண்டும்.

கருவிகளுக்கேற்ற வேறுபாடுகள்

போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் ஆகியவை மூன்று வெளி இணைப்புகளையும் ஏற்கும். மைஎஸ்கியூஎல்லில் முழு வெளி இணைப்பு இல்லை. இடது இணைப்பையும், வலப்பக்கம் மட்டும் உள்ள வரிகளைத் தரும் இன்னொரு கேள்வியையும் யூனியன் ஆல் கொண்டு ஒட்ட வேண்டும். எஸ்கியூலைட்டில் வலது, முழு இணைப்புகள் 2022இல் வந்த 3.39 பதிப்பிலிருந்தே உண்டு. பழைய கைப்பேசிச் செயலிகளில் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பாண்டாஸில் மெர்ஜ் கட்டளைக்கு ஹவ் = அவுட்டர் என்பதோடு இன்டிகேட்டர் = ட்ரூ என்றும் கொடுத்தால், ஒவ்வொரு வரியும் இடம் மட்டும், வலம் மட்டும், இரண்டும் என்று எதைச் சேர்ந்தது எனக் காட்டும் ஒரு நெடுவரிசை சேரும். கணக்குச் சரிபார்ப்புக்கு இதைவிட வசதியானது இல்லை. சி-ஷார்ப்பின் லிங்க் பகுதியில் நெடுங்காலம் குரூப்ஜாய்ன், டிஃபால்ட்இஃப்எம்ப்டி இரண்டையும் சேர்த்தே இடது இணைப்பு எழுதப்பட்டது. டாட்நெட் 10இல் லெஃப்ட்ஜாய்ன், ரைட்ஜாய்ன் என்று நேரடியாகவே உள்ளன. முழு இணைப்பை அங்கும் கட்டித்தான் எடுக்க வேண்டும். எக்செல்லின் வீலுக்அப் ஒருவகை இடது இணைப்பே. ஆனால் வலப்பக்கம் மூன்று நிறுவை இருந்தால் முதலாவதை மட்டும் எடுத்து மற்ற இரண்டையும் விட்டுவிடும். வலப்பக்கம் மட்டும் உள்ள 104ஐக் காட்டவே காட்டாது.

இவை எதுவும் இல்லாத மொழியிலும் முழு இணைப்பை எழுதுவது கடினமல்ல. கொழுந்துக் கணக்கை முதலில் சாவிவாரியாக ஓர் அகராதியில் ஏற்ற வேண்டும். பிறகு செக்ரோலை வரி வரியாகப் படித்து, அதே சாவி அகராதியில் இருந்தால் இரண்டையும் சேர்த்து எழுதி, அச்சாவியைப் பார்த்தாயிற்று என்று குறிக்க வேண்டும். இல்லையென்றால் கிலோவைக் காலியாக விட்டு எழுத வேண்டும். செக்ரோல் முடிந்ததும் அகராதியில் குறிக்கப்படாமல் மிஞ்சிய சாவிகளை, பேரைக் காலியாக விட்டு எழுத வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டால் கிடைப்பது இடது இணைப்பு.

விளைவைச் சரிபார்த்தல்

சாவிகள் இரண்டு பக்கமும் தனித்தனியாக இருந்தால், இரண்டிலும் உள்ள வரிகளும் இடம் மட்டும் உள்ள வரிகளும் சேர்ந்து செக்ரோலின் வரிக்கணக்குக்குச் சமமாக வேண்டும். இரண்டிலும் உள்ளவையும் வலம் மட்டும் உள்ளவையும் சேர்ந்து கொழுந்தின் வரிக்கணக்குக்குச் சமமாக வேண்டும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் 2 + 1 = 3, 2 + 1 = 3. வரிக்கணக்கோடு கிலோவின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட வேண்டும்: இணைப்புக்கு முன் 55, பின்பும் 55. முன்னதைவிடப் பின்னது கூடினால் சாவி இரட்டித்திருக்கிறது. குறைந்தால் எங்கோ வேர் பகுதி வரிகளை விழுங்கியிருக்கிறது.

சரிபார்த்த பின் பொருந்தாத வரிகளை டிவிசன்வாரியாக இரண்டு தாள்களில் அச்சிடலாம். பேர் மட்டும் உள்ளவர்களின் தாளில் அன்றைய வேலை எழுதப்பட வேண்டும். கவ்வாத்து, கான், மருந்தடிப்பு என்று இருந்தால் அந்த வரி அப்படியே முடிந்தது. கொழுந்து மட்டும் உள்ளவர்களின் தாளைச் சம்பளக் கணக்கு மூடும் முன் கணக்கப்பிள்ளையும் நிறுவை பதிந்தவரும் சேர்ந்திருந்து, உரிய தொழிலாளியையும் கேட்டு முடிக்க வேண்டும். திருத்தம் செக்ரோலிலோ மடுவத்துக் கணக்கிலோ, பிழை நேர்ந்த அந்த மூலப் பட்டியலிலேயே செய்யப்பட்டு, இணைப்பு மீண்டும் ஓட்டப்பட வேண்டும்.